குந்தாத வண்டி

என் பட்டறைக்குச் சின்ன பிக்கப் வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "இவ்ளோ ஏத்தலாமா?" என்பது ஒன்று. "பின்னால மாட்டி இழுக்குமா?" என்பது இன்னொன்று. பல வருடங்களாக இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்லி வந்தேன். "ஏத்துங்க, இழுங்க. நான் இருக்கேன்ல!" அந்த 'நான் இருக்கேன்ல'வை இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. ஸ்பிரிங் பட்டை வேலைதான் என் பிழைப்பு. வண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா, பாரத்தைத் தாங்குவது அதுதான். கம்பெனி அந்தச் சின்ன வண்டியைச் செய்தது பால் கேனுக்கும் தக்காளிக் கூடைக்கும் வீடு மாற்றுகிற சாமானுக்கும். நம் ஆட்கள் அதில் ஏற்றுவது மரவள்ளிக் கிழங்கு, செங்கல், கரும்பு. பாரம் ஜாஸ்தியானால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து போகும். எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர் குந்துவது.

வண்டி குந்திவிட்டால் ஓட்டுகிறவனுக்கு மானம் போய்விடும். டீக்கடையில் நிற்கிறவன் சும்மா இருப்பானா? "இன்னா மச்சான், வண்டி வெளிக்கிப் போவுதா?" என்று கத்துவான். அதற்குப் பயந்தே புது வண்டிக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் என்னிடம் கொண்டுவந்து விடுவார்கள். பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாக வைத்து இறுக்குவேன். பிறகு பின்பக்கம் ஏறி நின்று மூன்று முறை தங்குதங்கென்று குதிப்பேன். வண்டி அசையாது. சுற்றி நிற்கிறவர்கள் "அடேங்கப்பா" என்பார்கள். எனக்கு அதுதான் விளம்பரம். அந்தக் குதிப்புக்காகவே இன்னும் இரண்டு பட்டை வைக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன், அவ்வளவு திமிர்.

அப்படி வந்தவர்களில் ஒருவன் வடக்கனந்தல்காரன். கல்வராயன் மலையில் விளைகிற மரவள்ளியை வாங்கிக் கீழே ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டுவந்து போடுகிற வேலை. பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போவார்கள். மலையில் விலை பேசுவது அவள், வண்டி ஓட்டுவது அவன். எறும்பு ரோட்டைக் கடந்தாலும் பிரேக் போடுகிற ஆள். "உங்க தம்பி ஓட்டுறதுக்கு நான் எறங்கி நடந்தே வூட்டுக்குப் போயிடுவேன்" என்று அவள் என் எதிரிலேயே கிண்டல் செய்வாள். அவன் என்னை அண்ணே என்று கூப்பிடுவதால் அவளுக்கு அவன் 'உங்க தம்பி'.

பட்டை வைத்து முடித்து நான் குதித்துக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். அவன் மட்டும் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பட்டை தாங்கும், சரிண்ணே. பிரேக்கு அதேதானே?"

அத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவன் அவன் ஒருவன்தான். எனக்குச் சுருக்கென்றது. நாலு பேர் இருக்கும்போது என் வேலையைக் குறை சொல்கிறானே என்று கோபம். "தாங்குறது என் பட்டை. மிதிக்கிறது உன் காலு. உன் காலுக்குமா நான் பட்டை வச்சித் தர முடியும்?" என்றேன். பட்டறையே சிரித்தது. பாவம், அவனும் சேர்ந்து சிரித்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு கொக்கி வைத்துத் தரச் சொல்லி வந்தான். மலையில் வீடு கட்டுகிறவர்கள் ஜல்லியும் சிமெண்டும் கலக்கிற மெஷினைக் கீழேயிருந்து இழுத்துப் போகச் சொல்கிறார்கள், ஏறும்போது வண்டி காலியாகத்தானே போகிறது என்றான். வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். அந்தக் கொக்கியில் யானையைக் கட்டினாலும் பிடுங்க முடியாது. மெஷினுக்கு இரண்டு சக்கரம் உண்டு, பிரேக் கிடையாது. மேட்டில் அது பின்னால் வரும். இறக்கத்தில் அதுதான் வண்டியைத் தள்ளும். எனக்கு இது தெரியாதா? தெரியும். அவன் ஏறுவதற்குத்தானே கேட்டான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலை பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து போன் செய்தான்.

"அண்ணே, கெழங்கு ஏத்தியாச்சி. எப்பவும் ஏத்துறதுக்கு மேலயே ஏத்திட்டாங்கோ. இங்க ஒரு வூட்ல தளம் போட்டு முடிச்சிட்டாங்கோ, கீழதானே போற, மெஷின இழுத்துக்கினு போயிடுன்றாங்க. மாட்டலாமாண்ணே?"

"வண்டி குந்துதா?"

"குந்தலண்ணே."

"அப்புறம் இன்னா? என் பட்டை, என் கொக்கி. தாராளமா மாட்டிக்கினு வா, நான் இருக்கேன்ல."

டீயில் கடைசி வாய் மிச்சமிருந்தது, அது ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டேன்.

குந்தவில்லை, சரி. ஏன் குந்தவில்லை? நான் குந்தவிடாமல் செய்திருந்தேன். குந்துவது வண்டிக்கு வாய் மாதிரி. போதும், இதற்குமேல் ஏற்றாதே என்று ஏற்றுகிறவர்களிடம் அது சொல்வது அந்த ஒரு வழியில்தான். அந்த வாயை இரண்டு பட்டை வைத்து நான் அடைத்திருந்தேன். சக்கரமும் பிரேக்கும் பால் கேனுக்குச் செய்தது செய்தபடியே இருந்தன.

இறக்கத்தில் மூன்றாவது வளைவைத் தாண்டியதும் கருகிய வாசனை வந்திருக்கிறது. நாலாவதில் பிரேக்கை மிதிக்க மிதிக்க வண்டி போய்க்கொண்டே இருந்திருக்கிறது. பின்னால் மெஷின் தள்ளுகிறது. வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் பாறை. அவன் பாறைப் பக்கம் திருப்பினான். வண்டி நின்றது. இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவள். முன்னால் டேஷ்போர்டில் ஊன்றியிருந்த வலது கை முழங்கைக்குக் கீழே நொறுங்கிவிட்டது. அவனுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

அந்தக் கீறல்தான் அவனுக்கு வினையாகப் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைத் திருநாவலூரில் இருக்கிற தாய் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். "ஓட்டும்போது தூங்கிட்டான். முழிச்சதும் தன் பக்கத்தக் காப்பாத்திக்கினு பொண்டாட்டி பக்கத்த இடிச்சான்" என்று பேச்சு கிளம்பியது. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

நசுங்கிய வண்டியை என் பட்டறைக்குத்தான் இழுத்து வந்தார்கள். அவளுடைய அண்ணன் இரண்டு சொந்தக்காரர்களோடு வந்தார். அவனும் வந்து ஓரமாக நின்றான். என் வாடிக்கைக்காரர்கள் நாலைந்து பேர் வேறு இருந்தார்கள்.

அண்ணன் நியாயமான மனிதர். நேராக என்னிடம் கேட்டார்.

"நீங்கதான் இந்த வண்டிய பாக்கறவரு. நீங்களே சொல்லுங்க. வண்டியில கோளாறு இருந்துச்சின்னா எங்க மச்சான் மேல தப்பில்ல. தங்கச்சிய இன்னிக்கே அனுப்பிடறேன். கோளாறு இல்லன்னா, தூங்கி வழியுறவன் வண்டியில அவ இனிமே ஏற மாட்டா."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் வண்டிக்கு அடியில் குனிந்தேன். சுத்தியலால் பட்டையைத் தட்டினேன், கணீரென்று கேட்டது. கொக்கியைப் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. பிரேக் டிரம் ஆறிப்போயிருந்தது. சூடேறிய பிரேக்தான் பிடிக்காது, ஆறிய பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும். அதையும் மிதித்துக் காட்டினேன்.

"பட்டை உடையல. கொக்கி உடையல. பிரேக்கும் புடிக்குது. வண்டியில கோளாறு எதுவும் இல்லீங்க" என்றேன்.

இதில் ஒரு வார்த்தையாவது பொய்யா? இல்லை. அப்படித்தான் எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிடக் கேடுகெட்ட பொய்யை என் ஜென்மத்தில் நான் சொன்னதில்லை. போன் வந்ததைச் சொல்லவில்லை. பாரத்தைப் பற்றிப் பேசவில்லை. மெஷினின் சக்கரத்தில் பிரேக் இல்லை என்பதை மென்று விழுங்கிவிட்டேன்.

அண்ணன் அவனைப் பார்த்து, "இன்னா சொல்ற?" என்றார். இப்போது என் பெயரைச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது அந்த நிம்மதிதான்.

எட்டு மாதம் ஓடியது. நான் பட்டை வைத்தேன், குதித்தேன், சம்பாதித்தேன். மூன்று முறை குதிக்கிற இடத்தில் ஒரு முறையோடு இறங்கிவிடுவேன். வயசாகிறது என்று கேட்டவர்களிடம் சொல்லிவைத்தேன்.

பிறகு ஒரு நாள் அவன் வந்தான். வண்டியைச் சரிசெய்து மறுபடி ஓட்ட ஆரம்பித்திருந்தான். என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவானா என்று நினைத்தேன். "இன்னாண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று எப்போதும்போல் கேட்டான். பட்டைக் கட்டின் நட்டு தளர்ந்திருக்கிறது, இறுக்கிக் கொடுங்கள் என்றான். இறுக்குவதற்காக வண்டியைச் சுற்றி வந்தபோது இடப்பக்கக் கதவு வழியாக உள்ளே பார்த்தேன். அவள் உட்காருகிற சீட்டில் ஒரு கிழங்கு மூட்டை இருந்தது.

"இது இன்னா இங்க?"

"சும்மாத்தானே கெடக்குதுண்ணே சீட்டு. ஒரு மூட்ட ஜாஸ்தி வரும்ல" என்று சிரித்தான்.

நட்டை இறுக்க எனக்குக் கை வரவில்லை. ஒரு வழியாக முடித்து அனுப்பிவிட்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பட்டறையைத் திறக்காமல் உளுந்தூர்பேட்டை பஸ் ஏறி, அங்கிருந்து திருநாவலூர் போய்ச் சேர்ந்தேன்.

அவள் வாசலில் இடது கையால் மணிலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் சும்மா கிடந்தது. எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை, கொக்கி, போன், பட்டறையில் அன்றைக்கு நான் விழுங்கியது, எல்லாம். அவள் அழுவாள், இல்லை திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியுங்க" என்றாள். "போன ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசினாரு. நானும் கேட்டுக்கினுதானே இருந்தேன். பிரேக்க அவரு எந்திரிச்சி நின்னு மிதிச்சத என் கண்ணால பாத்தேன்."

"இதை நீ வூட்ல சொல்லலியாம்மா?"

"சொல்லாம இருப்பனா? பிரேக்கு புடிக்கலன்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னேன். எங்க அண்ணன் அதுக்கப்புறம்தான் உங்ககிட்ட வந்தாரு. திரும்பி வந்து, மெக்கானிக்கே கோளாறு இல்லன்னுட்டாரு, உனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும், புருஷனுக்காகப் பேசாதன்னாரு. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது?"

தரையில் கிடந்த மணிலாத் தோலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவள் ஒரு சொம்புத் தண்ணீரை இடது கையால் எடுத்து வந்து வைத்தாள். கொஞ்சம் சிந்தியது.

கொல்லையிலிருந்து அவளுடைய அண்ணன் வந்ததும் அவரிடமும் முதலிலிருந்து சொன்னேன். அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. "ஏய்யா, அன்னிக்கு வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருந்த? எட்டு மாசம்யா!" என்று கத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "மச்சான வந்து கூட்டிக்கினு போவச் சொல்லு" என்றார். யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து அவனுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"எதுக்குண்ணே நீங்க போயி..." என்றான். "அன்னிக்குப் பட்டறையில உங்ககிட்ட பட்டை போட்டவங்க அத்தன பேரு நின்னுக்கினு இருந்தாங்க. நீங்க மாட்டச் சொன்னீங்கன்னு நான் வாயத் தொறந்தா உங்க பொழப்பு இன்னாத்துக்கு ஆவறது? அதான் கம்முனு இருந்துட்டேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார், நான் ஏறவில்லை. கூடுதலாக வைத்த பட்டையைக் கழற்றித் தருகிறேன், கொக்கியை அறுத்துப் போடுகிறேன், மன்னித்துவிடு என்றெல்லாம் பஸ்ஸில் வரும்போது நினைத்து வைத்திருந்தேன்.

"சீட்டுல இருக்கற மூட்டைய எறக்கிட்டு வாப்பா" என்றேன். "அவ காத்துக்கினு இருக்கா."