மெசேஜில் ஒரு எஸ் குறைவு

மூன்று நாளாக என் முதல் ஆப்பில் பட்டனைத் தொட்டாலே ஆப் மூடிக்கொண்டது. இன்று கோடிங் கிளாஸில் அதைக் காட்டியே ஆக வேண்டும்.

காலையில் உறையூர் பஸ்ஸில் லேப்டாப்பைத் திறந்து, திரையில் ஒரு பக்கம் ஜாவா கோடு, இன்னொரு பக்கம் பட்டனை வரையும் எக்ஸ்எம்எல் கோடு என்று முறைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க. அந்தப் பக்கம் மெசேஜுக்கு ரெண்டு எஸ் இருக்கு. இந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்கு."

"உங்களுக்கு ஜாவா தெரியுமாங்க?"

"அய்யோ, அதெல்லாம் தெரியாதுங்க. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல புரூஃப் பாக்குறேன்."

எஸ்ஸைச் சேர்த்தேன். பட்டன் வேலை செய்தது.

கிளாஸில் எஸ் விட்டுப்போனதைச் சொன்னதும் சார் அசந்துபோய், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"அனுபவம் சார்" என்றேன்.

யாருடைய அனுபவம் என்று அவர் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீங்க.