முதல் தட்டு

திருமங்கலம் போகிற ரோட்டில் ஒரு ரப்பர் கம்பெனி. பஸ் பிரேக்குக்குள் போகும் வளையங்களை அச்சில் வேகவைத்து எடுப்பது என் வேலை. ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அட்டை உண்டு. தட்டு முடிந்ததும் அட்டையை ஸ்கேன் செய்து, திரையில் ‘நல்லது’ அல்லது ‘கழிவு’ என்று அழுத்த வேண்டும்.

காலையில் அச்சு முழுதாகச் சூடேறாது. முதல் தட்டு பெரும்பாலும் வேகாமல்தான் வரும். ஆனால் முதல் போணியே கழிவு என்று எவன் அழுத்துவான்? அதை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டாவது தட்டுக்கு ‘நல்லது’ போட்ட பிறகுதான் அதைத் தொடுவோம். ஒரு திங்கட்கிழமை அவசரத்தில் இரண்டு அட்டைகளையும் மாற்றிச் செருகிவிட்டேன், மடையன்.

மறுநாள் கழிவுத் தொட்டியில் கிடந்த வளையம் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தேன். அருமையாக வெந்திருந்தது. அப்படியானால் வேகாதது நல்ல அட்டையோடு போய்விட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் தினமும் நான் வீட்டுக்குப் போவதும் பஸ்ஸில்தானே.

தரம் பார்க்கும் அக்காவிடம் போய் நின்றேன். “அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“இழுக்காம அட்டை நம்பரைச் சொல்லு தம்பி.”

சொன்னேன். அந்தத் தட்டு எந்தப் பெட்டிக்குள் போனது என்று கம்ப்யூட்டர் காட்டியது. “லோடு ஏறிக்கிட்டு இருக்கு, ஓடு” என்றார். ஓடினேன். லாரியிலிருந்து அந்த ஒரு பெட்டியை மட்டும் இறக்கினோம். வளையத்தில் நகத்தை வைத்தேன். நகம் பதிந்த தடம் மறையவே இல்லை, வேகாத ரப்பரேதான்.

அடுத்து, பெட்டியை இறக்கியதற்கு அக்கா காரணம் எழுத வேண்டும்.

“மிஷின் கோளாறுன்னு போட்டுருங்கக்கா. வேலை போயிரும்.”

“மிஷின் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? நடந்ததைச் சொல்லு.”

போணி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “நீ மட்டுமா இப்படி?”

“எல்லாரும் இப்படித்தான்க்கா.”

‘அட்டை மாறிவிட்டது, ஆபரேட்டரே வந்து சொன்னார்’ என்று எழுதினார். மேனேஜர் அந்தக் கடைசி வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போய் வேலையைப் பாருங்க” என்றார். அம்புட்டுதான்.

அடுத்த வாரம் திரையில் புதிதாக ஒரு பட்டன் வந்திருந்தது: ‘அச்சு சூடேற்றம்’. முதல் தட்டு இனி அதில் பதிவாகி நேராகத் தொட்டிக்குப் போகும். கழிவுக் கணக்கில் வராது. “நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்குப் போணியெல்லாம் தெரியாது. ஆனா ஒங்க மனசு கோணாம உண்மை பதிவாகணும்ல” என்றார் அக்கா.

அன்று சாயங்காலம், நான் வந்த பஸ்ஸுக்குக் குறுக்கே ஒரு டூவீலர் பாய்ந்தது. டிரைவர் சடாரென்று பிரேக்கை மிதித்தார். நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து அவரைத் திட்டினார்கள். நானும் நெற்றியைக் கம்பியில் இடித்துக்கொண்டேன். பஸ் நின்றுவிட்டது, எனக்கு அது போதும்.