தாய்மாமன் சீர் வாங்காத தெரு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். சொல்லட்டும். அன்று வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனையில் கட்டியிருந்த ஃபிளெக்ஸைப் படித்தபோது அந்தக் கோபம் மூக்கைத் தாண்டித் தலைக்கு ஏறியது. "மழை வெள்ளத்தில் தவிக்கும் எங்கள் சொந்தங்களுக்குத் தாய்மாமன் சீர்" என்று முழ நீள எழுத்து. கீழே கும்பிட்ட இரண்டு கைகள், ஒரு கம்பெனியின் முத்திரை.

அந்தக் கம்பெனிக்குக் கப்பலூரில் ஆலை. சரக்கு வைக்கும் குடோன் எங்கள் தெருவை ஒட்டி. குடோனுக்கு முன்னால் கண்மாயிலிருந்து வரும் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. லாரி திரும்ப இடம் வேண்டும் என்று அதன்மேல் கான்கிரீட் தளம் போட்டு, தண்ணீர் போக அடியில் ஒரே ஒரு குழாயை விட்டார்கள். ஒரு நாய்கூட நுழைய முடியாத குழாய். போய்ச் சொன்னோம். "பார்க்கிறோம்" என்றார்கள். அதிகாரிகளிடம் மனு கொடுத்தோம். அங்கேயும் "பார்க்கிறோம்"தான்.

முன்பெல்லாம் மழை நசநசவென்று நாள்கணக்கில் பெய்யும். துணி காயாது, சளி பிடிக்கும், அவ்வளவுதான். இப்போது மழைக்கும் பொறுமை போய்விட்டது. வெயில் கொளுத்திக்கொண்டே இருக்கும். திடீரென்று மொத்தத்தையும் ஒரே சாயங்காலத்தில் கொட்டிவிட்டுப் போகும். அந்தப் புரட்டாசியில் அப்படித்தான் கொட்டியது. குழாயில் குப்பை அடைத்துக்கொள்ள, வாய்க்கால் எங்கள் வீடுகளுக்குள் திரும்பியது.

என் அப்பாவுக்குப் பக்கவாதம். இடது கையும் காலும் வராது. அவரைச் சாப்பாட்டு மேசைமேல் ஏற்றிப் படுக்கவைத்து, இடுப்பளவு தண்ணீரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தீயணைப்புக்காரர்கள் வந்து தூக்கும்வரை அவர் என் விரல்களை நொறுங்கிவிடும்படி பிடித்திருந்தார். வீடு திரும்பிய பிறகு கட்டிலைத் தரையில் போட விடவில்லை. "உசத்து... உசத்து..." என்று குழறியபடி அழுதார். ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி அவற்றின்மேல் கட்டிலை வைத்தேன். ஸ்டூலில் ஏறி நின்று சோறு ஊட்டினேன். வானம் கறுத்தாலே அவர் உடம்பு நடுங்கும். ஐப்பசி மழைக்குள் அந்த வாய்க்காலைத் திறந்தாக வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

இந்த லட்சணத்தில் தாய்மாமன் சீராம்! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதற்கு ஃபிளெக்ஸ் வேறு.

சீர் கொண்டுவந்தவர் கம்பெனியின் சி.எஸ்.ஆர் அதிகாரி. சமூகப் பொறுப்பைக் கவனிப்பதற்கென்றே தனியாகச் சம்பளத்துக்கு ஆள் போட்டிருக்கிறார்கள். சென்னைக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். மதுரைப் பக்கம் எதற்கு மனம் உருகும் என்று யாரிடமோ கேட்டிருக்கிறார். தாய்மாமன் சீருக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். பித்தளைத் தாம்பாளங்களில் பாய், போர்வை, குக்கர். ஒவ்வொன்றிலும் வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, பூ. கூடவே மேளம். இவ்வளவையும் பரப்பிவைக்கத் தெருவில் சேறில்லாத இடம் எங்கே இருக்கிறது? அந்தக் கான்கிரீட் தளத்திலேயே பரப்பிவிட்டார்கள்.

பாவம், அவருக்கு ஒன்று தெரியவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் இனாமில்லை. சீர் கொண்டுவந்தவன் முறைக்காரன். சபையில் வைத்து ஒன்று கேட்டால் இல்லையென்று சொல்ல அவனுக்கு வாய் கிடையாது. வைத்த சீரை வீட்டுக்காரர்கள்தான் எடுக்க வேண்டும். வைத்தவனே திருப்பி எடுத்தால் உறவை வெட்டிக்கொண்டான் என்று அர்த்தம்.

மேளம் அடங்கியது. "ஒவ்வொருத்தரா வந்து வாங்கிக்கோங்கம்மா" என்றார் அதிகாரி. கேமரா தயாராக இருந்தது. யாரும் நகரவில்லை. ஈரத் தரையில் படுத்துக் கிடந்தவர்கள் நாங்கள். பாயும் போர்வையும் வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் தட்டுகள் இருந்தது அந்தத் தளத்தின்மேல். எதிர்வீட்டில் மாவு அரைத்து விற்கும் அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். அவருடைய கிரைண்டர் வெள்ளத்தில் போயிருந்தது.

"சீரு ரொம்ப லட்சணமா இருக்கு தம்பி. வாங்கிக்கிருவோம். அதுக்கு முந்தி மாமன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தட்டு வச்சிருக்கீகளே, இந்தத் தளத்த ஒடச்சு வாய்க்காலத் தொறந்து விடுங்க."

அதிகாரி சிரித்தார். "அக்கா, அது வேற டிபார்ட்மெண்ட். நான் சி.எஸ்.ஆர்."

"தாய்மாமனுக்கு ஏதுங்க டிபார்ட்மெண்ட்?" என்று நான் கத்தினேன். தெருவே சிரித்தது.

அவர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், உங்க அப்பாவைப் பத்திக் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரி, பட்டனை அமுக்கினா ஏறி இறங்குற கட்டில் ஒண்ணு ஏற்பாடு பண்றேன். நீங்க சொன்னா இவங்க கேப்பாங்க."

பொய் சொல்ல மாட்டேன், ஆசைப்பட்டேன். அப்பாவின் முதுகில் படுக்கைப் புண் வரத் தொடங்கியிருந்தது. புரட்டிப் போட எனக்குத் தெம்பில்லை. அந்தக் கட்டிலில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைக்கூட மனதில் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் சுர்ரென்று வந்தது.

"எம்புட்டு உசரம் ஏறும் அந்தக் கட்டிலு? தண்ணி அதுக்கும் மேல வந்தா?"

அவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சரக்கு லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. ஓரமாக எடுத்து வையுங்கள் என்று குடோன் சுமைதூக்கிகளிடம் அதிகாரி சொன்னார். "வச்ச சீர நாங்க எடுக்கக் கூடாது சார்" என்று அவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். சரி, நானே எடுக்கிறேன் என்று அவர் குனிந்தார். "எடுங்க தம்பி, தாராளமா எடுங்க" என்றார் அக்கா. "சீரத் திருப்பி எடுத்த மாமன்னு நாளைக்கு ஊரே பேசும். போட்டோக்காரரே, நல்லாப் பிடிங்க!" குனிந்தவர் நிமிர்ந்துவிட்டார்.

லாரி டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். வெற்றிலையும் மஞ்சளும் கண்ணில் பட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். "ஆத்தாடி! இது மேல வண்டிய ஏத்துனா எங்குடும்பம் வெளங்குமா? நான் மாட்டேண்ணே." பின்னால் அடுத்த லாரி வந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. நாங்கள் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டோம்.

கப்பலூரிலிருந்து மேனேஜர் காரில் பறந்து வந்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்பிடுங்க சார்" என்றார் அக்கா. "அவுகளுக்கும் தங்கச்சி மக இருக்கும். மாமன் மொற அவுகளுக்கும் தெரியும்."

வந்த போலீஸ்காரர் ஃபிளெக்ஸைப் படித்தார், தட்டுகளைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். "நீங்களே எழுதி வச்சிருக்கீக, நாங்க என்ன சார் செய்யிறது?" என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டு போனார்.

ராத்திரி முழுக்க மாறி மாறி உட்கார்ந்திருந்தோம், லாரிகளும் நகரவில்லை. மறுநாள் ஜேசிபி வந்து நின்றது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தட்டுகளைத் தொட்டோம். பெண்கள் எல்லோரும் குலவையிட்டுச் சீரை எடுத்தோம். தளம் உடைந்தது. அந்த இடத்தில் தூண் நிறுத்திப் பாலம் கட்டினார்கள். கட்டி முடித்ததும் புது ஃபிளெக்ஸ் வந்தது: "வாய்க்கால் மீட்பு: எங்கள் சமூகப் பொறுப்பு." வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! என்னவும் எழுதிக்கொள்ளட்டும். பட்டன் கட்டில் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும்.

ஐப்பசியில் மறுபடியும் கொட்டியது, போன தடவையைவிட மோசமாக. அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எங்க... தண்ணி எங்க வந்துருச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாசலுக்கும் கட்டிலுக்குமாக ஓடினேன். வாய்க்கால் கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது, தெருவுக்குள் திரும்பவில்லை. மழை விட்ட பிறகு அவர் கண்ணைத் திறந்து காய்ந்த தரையைப் பார்த்தார்.

"எறக்குத்தா" என்றார். "ஏறி ஏறி... ஊட்டுனது போதும்."

அக்காவும் நானும் கட்டிலை இறக்கினோம். கற்களை வெளியே தூக்கிக்கொண்டு போனபோது, வீடு கட்டுகிற பக்கத்துத் தெருக்காரர் தனக்குத் தரும்படி கேட்டார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி அடுக்கி வைத்திருக்கிறேன். மாமன் மறுபடி சிமெண்டோடு வந்தால், இந்தத் தடவை அவன் குடோன் வாசலில் கொண்டுபோய் அடுக்குவோம், வெற்றிலை பாக்கு வைத்து.