பிந்தி வந்த குரல்

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிக்கிடந்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் கலியாணங்களுக்குக் குறைவே இருக்கவில்லை. மாப்பிள்ளை கனடாவிலிருந்து வருவார், மணப்பெண் பாமன்கடையில் ஒரு வாடகை அறையில் இருப்பாள், தாய் தகப்பன் ஊரில் அகப்பட்டிருப்பார்கள். வரமுடியாதவர்களுக்கு வீடியோதான் கலியாணம். நான் அப்போது கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் இருந்த ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்துகொண்டிருந்தேன். ரயில் போனால் மேசை ஆடும், மேசை ஆடினால் எனக்கு வாய் ஓயாது என்று முதலாளி பகிடி பண்ணுவார்.

அப்படித் தன் கலியாண டேப்போடு ஒரு பிள்ளை வந்தாள்; அவளின் தாய்க்கு ஊரைவிட்டு வர ஆமியின் பாஸ் கிடைக்கவில்லை. அதனால் தாலி கட்டும் நேரம் மண்டபத்திலிருந்து ஊருக்குப் போன் எடுத்து, மாமன்காரர் அதை மைக்கோடு சேர்த்துப் பிடித்திருந்தார். தாய் அங்கிருந்து வாழ்த்தினால் மண்டபம் முழுக்கக் கேட்கும் என்பது ஏற்பாடு. கேட்கத்தான் செய்தது. ஆனால் வாழ்த்தி முடித்த கையோடு லைன் அறுந்துபோனது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் கிடைக்கவில்லை.

“அக்கா, எனக்குக் கேட்டதோ இல்லையோ எண்டு அம்மாவுக்குத் தெரியாது,” என்றாள் அந்தப் பிள்ளை. “வீடியோவைப் பார்த்துத்தான் அறிவா. பிளேனில ஒரு ஆள் போறார், அவரிட்டக் குடுத்துவிடவேணும். கெதியா முடிச்சுத் தாங்கோ.”

கெதியாக முடிக்கிற வேலையா அது! கமராக்காரர் மண்டபத்துக்குப் போகும் வழியில் செக்பொயின்ட்டில் டேப்பைக் கழற்றிக் காட்டியிருக்கிறார். திரும்பப் போட்டபோது இடையில் வெற்று டேப் கொஞ்சம் ஓடி, டேப்பில் நேரத்தை எண்ணிக்கொண்டு போகும் டைம்கோட் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கிவிட்டது. ஒரே எண்ணில் இரண்டு இடம் இருந்தால் கம்பியூட்டர் பாவம் எதை எடுக்கும்? மணப்பெண் வீட்டில் வெளிக்கிடுவதைக் கேட்டால் சாப்பாட்டுப் பந்தியைத் தந்தது. கடைசியில் அந்த ஒரு டேப்பை இரண்டு டேப்பாக நினைத்து, வெவ்வேறு பெயர் கொடுத்து ஏற்றினேன்.

அடுத்த தலையிடி சத்தம். அது மண்டபத்து மைக்குகள் சேரும் மிக்சரிலிருந்து தனியாக ஒரு மெஷினில் பதிந்திருந்தது. தொடக்கத்தில் படத்தோடு ஒட்டி நிற்கும், போகப்போக விலகும். ஐயர் வாயை மூடிய பிறகும் மந்திரம் வந்துகொண்டிருந்தது. கிருலப்பனையில் இருந்த சவுண்ட்காரருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். “அனே நங்கி, மகே மெஷின் எக்க ஹொந்தய்,” என்றார் அவர் சிங்களத்தில். மெஷினில் ஒரு பிழையும் இல்லையாம். கமராக்காரரைக் கேட்டால் கமராவிலும் பிழை இல்லையாம். இரண்டும் உண்மைதான். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு ஓடும், ஒன்று மற்றதைவிட ஒரு துளி வேகம். தவில் தடி தோலில் படுவது தெளிவாகத் தெரிகிற ஒரு இடத்தைத் தொடக்கத்திலும், இன்னொன்றை முடிவிலும் பிடித்து, இடையில் சத்தத்தைச் சற்றே இழுத்துப் பொருத்தினேன். கெட்டிமேளம் தடியோடு தடியாக வந்து நின்றது. எனக்குக் கை தட்டலாம்போல் இருந்தது.

தாயின் குரல் மட்டும் பிந்தியது. தாலி ஏறி, மேளம் நின்று, மண்டபம் அமைதியாகி, அதற்கும் பிறகுதான் “நல்லா இரு பிள்ளை, நல்லா இரு” என்று வந்தது.

“தாலி ஏறேக்க தாய் வாழ்த்தவேணும், தங்கச்சி. சனம் அதைத்தானே பார்க்கும்,” என்றார் முதலாளி. என்னை எழுப்பிவிட்டுத் தானே கதிரையில் இருந்து, அந்தக் குரலை வெட்டி முன்னுக்கு இழுத்து, மேளத்தைக் குறைத்து, தாலியின் மேலேயே வைத்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பின்னேரம் வந்த பிள்ளைக்கு அதைத்தான் போட்டுக் காட்டினார். குரல் வந்தபோது படத்தில் அவள் தலை குனிந்தபடி இருந்தாள். மேளம் நின்றது. படத்தில் இருந்தவள் மாமனின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. பிறகு ஒரு சத்தமும் இல்லாத இடத்தில் திடீரென்று நிமிர்ந்து, “அம்மா” என்று உதடு அசைத்து, முகம் உடைந்து அழுதாள்.

“அக்கா, அம்மா சொன்னது எனக்குக் கேட்காத மாதிரியெல்லோ கிடக்கு,” என்றாள்.

“அது ஒண்டும் இல்லை, பிள்ளை. அந்த இடத்தில ஒரு குத்துவிளக்குப் படத்தைப் போட்டு மறைச்சிடலாம்,” என்றார் முதலாளி.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “விசரே அண்ணை உங்களுக்கு? தாய் பார்க்கவேணும் எண்டு தவிக்கிற முகத்தையோ விளக்கை வைச்சு மறைக்கப்போறியள்?” என்று கேட்டுவிட்டேன். தாய்க்கு மேளம் கேட்டு, அழுகை அடங்கி, வாய் திறந்து, அது லைனில் இழுபட்டு வந்து சேர நேரம் எடுத்திருக்கிறது. அதில் திருத்த என்ன இருக்கிறது? குரலை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். அமைதி, காத்திருப்பு, குரல், முகம் எல்லாம் நடந்தபடி வந்தன. அந்தப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

“சனம் சத்தமும் படமும் ஒட்டேல்லை, சிங்க் பிழை எண்டு என்னைத்தான் பேசும், கண்டறியாத வேலை,” என்று புறுபுறுத்தபடி முதலாளி தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். சீடி அடுத்த பிளேனில் போனது.

சில வாரங்களுக்குப் பிறகு ஊருக்கு லைன் கிடைத்தது. அன்றைக்கே அவள் ஸ்டூடியோவுக்கு ஓடிவந்தாள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அம்மா பார்த்திட்டா, அக்கா.”

“என்னவாம்?”

அவள் கதிரையை இழுத்து இருந்துகொண்டு சொன்னாள்.

“தாலியைப் பற்றி, மாப்பிள்ளையைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. ‘அவ்வளவு நேரமும் என்ரை குரலுக்கோ பிள்ளை பார்த்துக்கொண்டு இருந்தனீ?’ எண்டு கேட்டவா.”