விசில் நின்ற மத்தியானம்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்தின் வரிசை வீடுகளைப் பிரிக்கும் சுவர் கூரை வரை போகாது. நான் அடுப்பை வெளியே மாற்றி என்ன பிரயோசனம்? பக்கத்து வீட்டுப் புகை சுவர் தாண்டி வந்து ஆஸ்துமா உள்ள என் மகளின் நெஞ்சில்தான் இறங்கும். அவளுடைய இழுப்புச் சத்தமும் அதே வழியாக எல்லா வீட்டுக்கும் கேட்கும்.

அன்று மத்தியானம் பனிமூட்டம். வாயில் மருந்துப் பம்ப் அடித்தும் அவள் நெஞ்சு விசிலடித்துக்கொண்டே இருந்தது. பசறை ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். திடீரென்று விசில் நின்றது.

"அப்பாடா, அடங்கிருச்சு தங்கச்சி. புள்ள தூங்கட்டும்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. தன் டிவியை நிறுத்தினார். மற்ற வீடுகளிலும் நிறுத்தினார்கள். வாசலில் விளையாடிய பிள்ளைகளை யாரோ விரட்டினார்கள்.

நான் அவள் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. சத்தம் நின்றும் பிள்ளை மூச்சுக்குத் திணறினால், விசிலடிக்கக்கூட உள்ளே காற்றுப் போகவில்லை என்று அர்த்தம். கிளினிக் டாக்டர் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆட்டோ எங்கே?" என்று கத்தியபடி வெளியே ஓடினேன். கடைசி வீட்டுக்காரி உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்க. புள்ள முழிச்சிக்கப் போகுது."