புளி போட்டுத் தேய்த்த காசுகள்

அருள்செல்விக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. குளச்சல்காரி. வளைகுடாவில், குதைபியா என்ற பேட்டையில், அம்பலவாணர் வீட்டில் மூன்று வருடம் சமைத்தாள், துடைத்தாள். லீவு கேட்டால் அடுத்த மாதம் என்பார். பாஸ்போர்ட் அவர் அலமாரியில். மே மாதம் மகன் ஜெப்ரினுக்குக் கோவிலில் புதுநன்மை, முதல் நற்கருணை. அதற்காவது போய்விட வேண்டும் என்பதே அவளுடைய ஒரே பேச்சு.

அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் அலுவலக மேனேஜர். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. ரோமாபுரியின் கடைசிக் கால வெண்கலக் காசுகள் நாற்பது வைத்திருந்தார். நகமளவு, களிம்பேறி, பச்சைப் பச்சையாக. அந்தப் பச்சைதான் பழமைக்குச் சாட்சி என்பார். ஊர்க் கடற்கரையில் அவரே பொறுக்கியதாம். விருந்துக்கு வருகிறவன் சோற்றில் கை வைக்குமுன் அந்தப் பெருமையை விழுங்கியாக வேண்டும். மக்தூம் என்ற பெரிய சேகரிப்பாளர் வெள்ளிக்கிழமை பார்க்க வருகிறார், அது முடிந்ததும் லீவு என்று அருள்செல்வியிடம் சொல்லியிருந்தார்.

ஊர்க் கோவிலில் திருநாளுக்கு முன் பித்தளை விளக்குகளைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பழகியவள் அருள்செல்வி. பெரிய மனிதர் வருகிறாரே என்று வியாழக்கிழமை காசுகளையும் அப்படியே தேய்த்துவிட்டாள். பெயர்ச்சீட்டு எழுத என்னையும் கூட்டிக்கொண்டு வந்த அம்பலவாணர், தட்டைப் பார்த்ததும் நிலைகொள்ளாமல் கத்தினார்.

"ஆயிரத்து அறுநூறு வருசத்துக் களிம்பை உரிச்சுப் போட்டாய். லீவும் இல்லை, ஒண்டும் இல்லை. கலாஸ், முடிஞ்சுது."

அவள் அழவில்லை. பச்சை, பெயின்ட் மாதிரி ஒரே தேய்ப்பில் வந்துவிட்டது என்றாள். காசுகளை மேசையில் வரிசையாக அடுக்கினாள்.

"நாப்பது காசுலயும் ராசாவுக்கு ஒரே காதுல, ஒரே எடத்துலயா சார் வெட்டு விழும்?"

நான் குனிந்து பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த போலி. அம்பலவாணர் காசுகளை அள்ளி அலமாரியில் போட்டுப் பூட்டினார். மறுநாள் காலை பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் கொடுத்து அவளை விமானம் ஏற்றிவிட்டார். ஏர்போர்ட்டிலிருந்து எனக்கு போன் செய்து சிரித்தாள். அந்த ஆள் மூக்கறுபட்டதில் எனக்கும் பரம சந்தோஷம்.

மாலையில் மக்தூம் வந்தார். வேலைக்காரி காசுகளைத் திருடிக்கொண்டு ஊருக்கு ஓடிவிட்டாள் என்றார் அம்பலவாணர். பிள்ளைகுட்டிக்காரி, போலீசுக்குப் போக மனம் வரவில்லையாம். என்ன நல்ல மனது என்று வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நான் அவர் வீட்டு வடையைத் தின்றுகொண்டிருந்தேன். என் விசாவைப் புதுப்பிக்க அடுத்த மாதம் அவர் கையெழுத்து வேண்டும்.

ஜூலையில் ஊரிலிருந்து அருள்செல்வி போனில் பேசினாள். புதுநன்மை நன்றாக முடிந்ததாம். திரும்பி வர குதைபியாவில் ஆறு வீட்டில் வேலை கேட்டுப் பார்த்தாளாம்.

"என்னிய ஏன் பத்மாக்கா யாரும் வேண்டாங்குறாவ?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.