வேனுக்கு எந்த ஊர்?

அமலாவை நாம்தான் சாகவிட்டோம். நம் காசநோய்த் தடுப்பு அலுவலகத்தைத்தான் சொல்கிறேன். படிக்கிற யாரும் வேறு பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

வில்லியனூர் மார்க்கெட் அருகே வண்டியை நிறுத்தியிருந்தபோது அவள் தம்பி போன் செய்தான். "அக்கா போயிட்டாண்ணா" என்றான். காசநோய் மூளைக்கு ஏறியிருந்தது. அந்த நோயைத் தேடி ஊர் ஊராக என்னோடு அலைந்தவள் அவள். இருவரும் ஒப்பந்த ஊழியர்கள், ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.

யாருக்காவது நோய் உறுதியானால் அவர் வீட்டுக்குப் போவோம். "வூட்ல வேற யாருக்கு இருமல்?" என்று கேட்டு, வீட்டில் இருப்பவர்களைச் சோதிக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்புவோம். பண்டசோழநல்லூரில் ஓர் இளம்பெண்ணிடம் அமலா அதோடு எழவில்லை. "காலைல எதுல போற? பக்கத்துல யாரு உக்காருவா?" என்று கேட்டாள். கம்பெனி வேன் என்றாள் அந்தப் பெண். வேறு இரண்டு ஊர்களில் ஏற்கெனவே நோய் கண்ட இரண்டு பெண்களிடம் திரும்பப் போய்க் கேட்டோம். அதே வேன். "வயசானவங்களுக்கு வந்தா எப்பவோ ஒட்டினது இப்ப கிளம்பியிருக்கலாம். மூணும் சின்னப் பொண்ணுங்கடா. இது இப்ப பரவுறது" என்றாள்.

மறுநாள் அந்த வேனில் ஏறிப் பார்த்தோம். இருவர் சீட்டில் மூவர். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. அமலா ஒன்றைத் திறந்தாள். "யக்கோவ், மூடு! தலை கலைஞ்சா நீயா வந்து சீவி வுடுவ?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்த, வேனே சிரித்தது. சிரிப்புக்கு நடுவே யாரோ விடாமல் இருமினார்கள்.

வேனில் வரும் எல்லோரையும் சோதிக்கச் சொல்லி அதிகாரியிடம் போனோம். மூன்று ஊர், மூன்று சுகாதார நிலையம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நோயாளி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். "வேனுக்கு எந்த ஊரும்மா? எந்தக் கணக்குல காட்டுறது?"

"அப்ப வேனுக்கு ஒரு ரேஷன் கார்டு போட்டுக் குடுங்க சார்" என்றாள் அமலா.

அடுத்த முறை அவளுடைய ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. நம்மில் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவள் அந்த வேன் போகும் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். "தெரிஞ்சே அதுல ஏறுறியா?" என்றேன். "எங்க கரிக்கலாம்பாக்கத்துக்கு வேற இன்னாடா வருது? உன் மாமியார் கார் அனுப்புவாங்களா?" என்று சிரித்தாள்.

மருத்துவமனையில், நினைவு தப்புவதற்கு முன், அவள் பேசியது சுகந்தியைப் பற்றி. "என் பக்கத்து சீட்டு. ரொம்ப இருமுறா. டெஸ்ட் எடுக்க வைடா." போனேன். சுகந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் மட்டும் வந்தா அப்புறம் வேன்ல ஏத்த மாட்டாங்கண்ணா. எல்லாருக்கும் எடுங்க, நானும் வரேன்."

பக்கத்தில் உட்காருவது யார் என்ற அந்தக் கேள்வியை அமலாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எந்த வீட்டிலும் அதைக் கேட்காமல் எழுவதில்லை.

நேற்று நம் அலுவலகத்தில் அவளுக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில் அதிகாரியிடமே கேட்டேன். "சுகந்தி நாளைக்கும் அந்த வேன்லதான் போவா. அதுல போற எல்லாருக்கும் எப்ப சார் டெஸ்ட்?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, மௌன அஞ்சலிக்காக எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.